காய்ச்சல் பருவம்: பிள்ளைத்தமிழ் பாடாமல் விட்ட பதினோராவது

காய்ச்சல் கண்ட கைக்குழந்தையை வீட்டில் தேற்றுவது என்பது, பல் முளைக்காத ஒரே ஒரு ரசிகருக்காகத் தூக்கமில்லாத இரண்டு கலைஞர்கள் இரவு பகலாக நடத்தும் கச்சேரி. சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றால் கச்சேரி மூன்று நாள். மூக்கொழுகல் என்கிற துக்கடா பத்து நாள் வரை நீளும். பிடிக்காவிட்டாலும் ரசிகர் எழுந்து போக முடியாது. கலைஞர்களாலும் முடியாது.

தமிழில் குழந்தையைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடியது முதலாக வழங்கிவரும் பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்று ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. தலையை ஆட்டுவதற்கு ஒரு பருவம், கை தட்டுவதற்கு ஒரு பருவம், நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒரு பருவம் என்று கணக்காகப் பிரித்தவர்கள், மூக்கு ஒழுகுவதற்கு ஒன்று ஒதுக்கவில்லை. பாட்டுடைத் தலைவர்கள் பெரும்பாலும் கடவுளரும் அரசரும் என்பதால் அந்த வீடுகளில் சளிபிடிப்பதைப் பாடுவது மரபில்லை போலும். விடுபட்ட இந்தப் பதினோராம் பருவம் மும்பைத் தமிழர் வீடுகளில், குறிப்பாகத் தாராவி, மாட்டுங்கா, செம்பூரில், எப்படி அனுசரிக்கப்படுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பருவம் தொடங்குவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு. தாயிடமிருந்து கருவிலேயே பெற்றுவந்த நோய் எதிர்ப்பு அந்த வாக்கில்தான் தேய்கிறது. ஜூனில் மழை இறங்கியதும் வீட்டில் யாராவது தும்முவார்கள். பிறகு குழந்தை தும்மும். அது தும்மியதைக் கண்டு முதலில் சிரிப்பதும், இரவு உடம்பு சுட்டதும் சிரித்ததை நினைத்து வருந்துவதும் புதுப்பெற்றோர் இலக்கணம்.

சுரத்தை அளப்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. தெர்மாமீட்டர் மரபு 100.4 பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்ளும். புறங்கை மரபு நெற்றியிலும் கழுத்திலும் கையை வைத்து, "கணகணன்னு இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். பின்னதற்குப் பாட்டி நேரில் இருக்க வேண்டும். மும்பையில் அவர் பெரும்பாலும் வாட்ஸாப்பில்தான் இருக்கிறார். புறங்கைக்கு இன்னும் வீடியோ கால் வசதி வரவில்லை. இரண்டு மரபும் ஒத்துப்போகும் விதி ஒன்று உண்டு: மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பு சுட்டால் எந்த ஆராய்ச்சியும் கூடாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

சிகிச்சையின் முதல் அங்கம் நடை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோதா குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடந்தால் அழுகை அடங்கும், பல குழந்தைகள் தூங்கியும்விடும் என்கிறது. தூங்கியதும் கிடத்திவிடக் கூடாது. தூக்கியபடியே 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு கிடத்த வேண்டும். குழந்தை விழித்துக்கொள்வது முதுகு மெத்தையில் படுவதால் அல்ல, அம்மாவின் உடம்பு விலகத் தொடங்குகிற கணத்திலேயே என்பதும் அதில் தெரியவந்தது. நம் ஆச்சிகளுக்கு இது தெரியும். அவர்கள் நெஞ்சை எடுத்ததும் தலையணையை அணைத்து வைத்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் யாரும் ஆய்விதழுக்கு எழுதிப் போடவில்லை.

மெல்ல நடந்தால் நிமிடத்துக்கு 50 மீட்டர். 5 நிமிடத்துக்கு 250 மீட்டர், அதாவது ஏறத்தாழ 820 அடி. தாராவியில் 10-க்கு 10 அறையில் கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், மாடத்துக்கு ஏறும் இரும்பு ஏணி ஆகியவை போக மிஞ்சுவது 6 அடி. ஆகவே ஒரு தூக்கத்துக்கு 137 தரம் திரும்ப வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்தில் பேசப்படும் 350 சதுர அடி வீடு கைக்கு வந்து, அதில் 15 அடி நேராகக் கிடைக்குமானால் 55 தரம் போதும். இந்தக் கோணத்தில் அந்தத் திட்டத்தை இதுவரை யாரும் ஆதரித்துப் பேசியதாகத் தெரியவில்லை.

மாட்டுங்காவின் நிலை வேறு. 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலும் காற்றோட்டமின்மையும்தான் நோயை வளர்க்கின்றன என்று நம்பிய அந்த டிரஸ்ட், தாதர்-மாட்டுங்கா பகுதியை அகலத் தெருவும் மரமும் பூங்காவுமாகத் திட்டமிட்டது. அங்கே பின்னால் எழுந்த பழைய கட்டடங்களில் வாசலிலிருந்து சமையலறை வரை 30 அடி நடை இருக்கிற வீடுகள் உண்டு. அங்கே 27 தரம் நடந்தால் தீர்ந்தது. பிளேக்குக்காகப் போட்ட திட்டம் மூக்கடைப்புக்குப் பயன்படுகிறது.

இரண்டாம் அங்கம் பாட்டு. தால் என்றால் நாக்கு. அதை ஆட்டி எழுப்பும் ஒலி என்பதால் தாலாட்டு என்பார்கள். புதுப்பெற்றோர் தலைமுறைக்கு நாக்கு இருக்கிறது, பாட்டு இல்லை. அம்மாவுக்கு இரண்டு வரி தெரியும். மூன்றாவது வரி யூடியூபில் விளம்பரத்துக்குப் பிறகு வரும். அப்பாவுக்கு அந்த இரண்டும் கிடையாது. இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் மும்பையின் சொந்தச் சாகித்தியமான ரயில் தாலாட்டு. தினமும் ஏறி இறங்கும் ஸ்டேஷன் பெயர்களை இழுத்து இழுத்துச் சொல்வது இதன் முறை. மாட்டுங்கா, தாதர், பரேல், கரீ ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுல்லா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித். சிஞ்ச்போக்லியில் ஒரு குலுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைன் என்பதால் கோவண்டி, மான்குர்த், வாஷி என்று கடலுக்கு அப்பால் போவார்கள். பாஸ்ட் லோக்கல் இதற்கு உதவாது. ஸ்டேஷன்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பைகுல்லா வரும்போது அப்பா தூங்கிவிடுவதும், குழந்தை கண்ணைத் திறந்து மஸ்ஜித்துக்காகக் காத்திருப்பதும் இம்முறையின் குறை.

மூன்றாம் அங்கம் விளையாட்டுப் பொருள். இதில் பணம் செலவழிப்பவர்கள் எல்லாரும் ஏமாறுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த பனையோலைக் கிலுகிலுப்பை, மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய மரச் சொப்பு, ஆன்லைனில் வந்த பாடும் யானை எல்லாம் வரிசையாக வைக்கப்படும். காய்ச்சலில் இருக்கும் குழந்தை யானையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது கேட்பது சாம்பார் பாத்திரத்தின் மூடி. எட்டு அங்குல எவர்சில்வர் மூடி, நடுவில் கறுப்புக் குமிழ், குமிழை இறுக்கும் திருகு கொஞ்சம் தளர்ந்திருப்பதால் தட்டினால் ஓசைக்குப் பின்னால் ஒரு சின்னக் கிணுகிணுப்பு. குழந்தை அதில் தன் சிவந்த மூக்கைப் பார்க்கிறது, நக்குகிறது, சுட்ட கன்னத்தை வைத்துக்கொள்கிறது. மூடி குளிர்ந்திருக்கிறது. அந்தக் குளிர்ச்சியை எந்தப் பொம்மைக் கடையும் விற்கவில்லை. அடுத்து அப்பாவின் செருப்பு, பூட்டு, சீப்பு. பெரியவர்கள் நிஜமாகவே பயன்படுத்தும் பொருளுக்குத்தான் மதிப்பு. குழந்தைக்கென்று கொடுக்கப்படுவதைக் குழந்தை சந்தேகத்துடன் பார்க்கும். இந்த விதிக்கு விலக்கு ஏதும் காணப்படவில்லை. தளர்ந்த அந்தத் திருகை மட்டும் கொடுப்பதற்கு முன் இறுக்கிவிட வேண்டும். கிணுகிணுப்பு போனாலும் பரவாயில்லை, கழன்றால் வாய்க்குள் போகும்.

வேடிக்கை காட்டுவதும் இதில் அடங்கும். சீலிங் பேன், காக்கா, ஜன்னல் கிரில்லில் வந்து உட்காரும் புறா, இவை மூன்றும் மும்பை முழுக்கப் பொது. செம்பூருக்கு மட்டும் சிறப்பாக மோனோரயில் இருந்தது. 2014 பிப்ரவரியில் வடாலாவுக்கு ஓடத் தொடங்கி, 2025 செப்டம்பரில் மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டது. கூட்டமே இல்லாத வண்டி என்று அதைப் பத்திரிகைகள் கேலி செய்தன. பால்கனியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதோ, அதோ" என்று காட்டியவர்களையும் பயனாளிகளாகக் கணக்கெடுத்திருந்தால் எண்ணிக்கை தேறியிருக்கும். முகத்தைத் துண்டால் மூடித் திறந்து, "எங்கே அப்பா? இதோ அப்பா!" என்னும் ஆட்டத்துக்கு இடம் கூடத் தேவையில்லை. மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்ற ஞானம் எட்டு மாத வாக்கில் வருகிறது என்றார் குழந்தை உளவியலாளர் பியாஜே. நாற்பதாவது முறை துண்டை எடுக்கும்போது, அப்பா மறைந்தே இருந்திருக்கலாம் என்ற ஞானம் அப்பாவுக்கு வருகிறது.

நான்காம் அங்கமான மருந்து புகட்டல்தான் இத்துறையின் சிகரம். அம்புலிப் பருவத்தில் நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வார்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்துக்கும் அதே வரிசைதான். சாமம்: "என் ராஜால்ல, என் தங்கம்ல." ராஜா வாயை மூடிக்கொள்கிறார். பேதம்: அம்மா பக்கத்து அறைக்குப் போய்விட, பக்கத்து வீட்டு மராத்தி மாவ்ஷி (சித்தி) உள்ளே வருகிறார், புது முகத்தைப் பார்த்து வாய் பிளக்கும் அரை நொடியில் வேலை முடிய வேண்டும். தானம்: டிவி ரிமோட். கடைசியாகத் தண்டம்: ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, மூன்றாமவர் புகட்டுவது. தமிழில் அந்தச் சொல்லுக்கு வீண் என்றும் பொருள் இருப்பது தற்செயல் அல்ல. ரோஸ் நிற மருந்தில் பாதி அப்பாவின் சட்டைக்குப் போய்விடும். டாக்டர்கள் சொல்வது ஐந்தாவது உபாயம்: தலையைச் சற்று உயர்த்தி மடியில் சாய்த்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. மூக்கைப் பிடிக்கக் கூடாது.

இங்கே கேலியை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று. இந்த மருந்தின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நம் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஐந்து மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். இரவு இரண்டு மணிக்கு இரண்டு புட்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். டாக்டர் எந்தப் புட்டிக்கு எவ்வளவு என்றார் என்பதை விளக்கைப் போட்டுப் படிக்க வேண்டும்.

தொலைபேசி வழி வரும் வைத்தியம் தனித் துறை. நெல்லையிலிருந்து ஆச்சி தாராவிக்குச் சொல்வார்: "எலே, பிள்ளைய பேனுக்கு அடியில போடாத. தடுமம் கூடிரும்." கும்பகோணத்துப் பாட்டி மாட்டுங்காவுக்குச் சொல்வார்: "ஜலதோஷந்தான்டா, பயப்படாதே. கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு." இருவரும் சேர்ந்து பரிந்துரைப்பது குரங்குக் குல்லாய். வெளியே முப்பது டிகிரிப் புழுக்கத்தில் அது சூட்டை உள்ளேயே நிறுத்தும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கிய வசம்பைக் குழந்தை மருத்துவர்கள் இப்போது உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். தேன் ஒரு வயதுக்கு முன் கூடாது. தலைவலித் தைலத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893-இல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியது பம்பாயில்தான். ஆனால் கற்பூரமும் மெந்தாலும் கலந்த எந்தத் தைலமும் கைக்குழந்தையின் நெஞ்சுக்கோ மூக்குக்கோ ஆகாது. அதை அப்பா தன் நெற்றியில் தடவிக்கொள்ளலாம்.

சுற்றிப்போடுவதால் கெடுதல் இல்லை. உப்பு, மிளகாய், கடுகு எல்லாம் மும்பையில் தாராளம். முச்சந்தி மண்தான் பிரச்சினை. முச்சந்திகள் எல்லாம் தாரும் பேவர் பிளாக்குமாக இருக்கின்றன. தோண்டிப் போட்ட சாலைகள் மும்பையில் எப்போதும் கைவசம் உண்டு என்பது இந்த ஒரு விஷயத்தில் அனுகூலம்.

பால் எல்லாவற்றுக்கும் மேல். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை காய்ச்சலில் அடிக்கடி கேட்கும், கொஞ்சமாகக் குடிக்கும். கேட்கும்போதெல்லாம் கொடுப்பதே தேற்றலும் சிகிச்சையும். தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில்தான், ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் தொடங்கினார். குழந்தை பாலே குடிக்காமல் துவண்டாலும், மூச்சு வாங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், வலிப்பு வந்தாலும் மூடியையும் ரயிலையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. நான்காம் நாள் காலை குழந்தை யானையைத் தானாகத் தேடிப் போகும். மூடி சாம்பாருக்குத் திரும்பும். மருந்துப் புட்டியின் மேல், திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைக்கவும். மும்பையில் மழை செப்டம்பர் கடைசி வரை உண்டு.