விசாரணைச் சன்னலுக்கு ஒரு பாராட்டு மடல்

அனுப்புநர்: சித்தூர் வட்டத்துத் தமிழன் ஒருவன்.
பெறுநர்: உயர்திரு விசாரணைச் சன்னல் அவர்கள், எல்லையோர அரசு அலுவலகம் (எது என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்கே வேலை பாக்கி இருக்கிறது).
பொருள்: தங்கள் வாடிக்கையாளர் சேவையைப் பாராட்டுதல் தொடர்பாக.
பார்வை: 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். (தாங்களும் ஒருமுறை பார்வையிடலாம்.)

ஐயா,

வேலந்தாவளத்தில் ஒரு மலையாளிச் சேட்டன் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தமிழில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் படியேறினால் "வாங்கண்ணா, என்ன வேணும்?" என்று தமிழில்தான் கேட்பார். பற்று நோட்டில் என் கணக்கை மலையாளத்தில் எழுதிக்கொண்டு, பாக்கியைத் தமிழில் சொல்வார். குமுளியில் ஏலக்காய் விற்கிறவர்களைப் பாருங்கள்: வருகிறவர் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றிவிடுகிறார்கள். பாவம், பத்தடி தள்ளி இன்னொரு கடை இருக்கிறதே!

தங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சாதிச் சான்றிதழ் அடுத்த கடையில் இரண்டு ரூபாய் மலிவாகக் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் என் தமிழ் மனுவை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா" என்று திருப்பித் தள்ள முடிந்தது. கோபம்கூட இல்லாமல் சொன்னீர்கள். அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வராது.

மேலே பார்வையில் குறித்த சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாமாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகத்துக்கும் எழுதலாமாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டுமாம்! குறை தீர்க்கக் கேட்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு வேறு சொல்கிறது. இவற்றை எழுதியவர்கள் தங்கள் சன்னல் முன்னால் வரிசையில் நின்றதில்லை போலும்.

நாங்கள் ஒன்றும் நேற்று எல்லை தாண்டி வந்தவர்களில்லை. சித்தூர் கொச்சி ராஜாவிடம் இருந்தது; தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தபோது நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். 2011 கணக்கெடுப்பில்கூடக் கேரளத்தில் சுமார் 5 லட்சம் பேர் தமிழே தாய்மொழி என்றிருக்கிறார்கள். ஒரு கடைக்கு இத்தனை வாடிக்கையாளர்கள் இருந்தால் முதலாளி தமிழில் ஒரு பலகையாவது மாட்டியிருப்பார்.

அரசுக்கும் தமிழ் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, தங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் ஆ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். படிக்கக் கொடுத்த தமிழ் வாசகத்தில் உறுதிமொழிக்குரிய சொல்லே விட்டுப்போயிருந்தது. ஜூன் 2 அன்று அவர் மறுபடியும் பதவியேற்க வேண்டியதாயிற்று. ஓர் எம்.எல்.ஏ.வுக்கே ஒரு வேலைக்கு இரண்டு நடை என்றால், தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு எத்தனை நடை?

எங்களை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட 6 மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறீர்கள். தமிழர்களுக்கென்றே தாங்கள் தனியாகச் செய்யும் சேவை, தாங்கள் மூடியிருக்கும் அந்த நாளில்தான் நடக்கிறது.

2012இல் சேவை உரிமைச் சட்டம் வந்தது. எந்தச் சேவையை எத்தனை நாளில் தரவேண்டும் என்று அறிவிக்க வேண்டும், தவறினால் அதிகாரிக்கு அபராதம் என்றது. தாங்கள் இதற்கும் வழி கண்டுவைத்திருக்கிறீர்கள். மனுவை வாங்கினால்தானே நாள் எண்ணத் தொடங்க வேண்டும்?

அன்றைக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு, மலையாளத்தில் எழுதித்தர ஆள் தேடி நடந்தபோது வழியில் டீக்கடையில் தங்களைப் பார்த்தேன். சன்னலுக்குப் பின்னால் இருந்த அதே முகம். "அண்ணே, சக்கரை கம்மியா ஒரு டீ, வடை சூடா இருந்தா ரெண்டு" என்றீர்கள். சுத்தமான தமிழ், அசல் கொங்குப் பேச்சு. மாஸ்டர் தேனிக்காரர், அவர் தங்களிடம் "மலையாளத்தில் கேட்டு வா" என்று சொல்லவில்லை. சூடாகவே கொடுத்தார். காசைப் பற்றில் எழுதச் சொன்னீர்கள், அதையும் தமிழிலேயே.

இந்த மடலையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். சட்டப்படி பதிலும் தமிழில் வரவேண்டும். தமிழ் தெரிந்த ஆள் அலுவலகத்தில் இல்லையென்றால் கவலை வேண்டாம். காலை பதினொரு மணிக்கு அந்த டீக்கடைக்கு ஆளனுப்பிப் பாருங்கள். அங்கே ஒருவர் நன்றாகப் பேசுகிறார்.

இப்படிக்கு,
வரிசையில் தங்களுக்கு முன்னால் நிற்பவன்