மாறிடலாமா: கணினித் தளத் தாவல் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

மாறுதல் வேறு, மாற நினைத்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே முன்னை ஆய்வாளர் செய்த பெரும்பிழை. அந்த முன்னை ஆய்வாளர் யார் என்று யாரும் கேட்கக் கூடாது. மறுப்பதற்கு ஒருவர் இல்லாமல் ஆய்வுக் கட்டுரை தொடங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. விண்டோஸிலிருந்து மேக்குக்கோ, மேக்கிலிருந்து விண்டோஸுக்கோ, இரண்டையும் திட்டிவிட்டு லினக்ஸுக்கோ உண்மையிலேயே போனவர்கள் சிலர். போகலாமா என்று யோசித்தவர்கள் கணினி வைத்திருக்கும் அத்தனை பேரும். போனவர் கதை அன்றோடு முடிந்துவிடும். யோசிப்பவர்தான் ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்குக் கிடைப்பார்.

ஆய்வின் எல்லை: எங்கள் வீடு, எதிர்வீடு, தெருமுனை ஜெராக்ஸ் கடை. தகவலாளிகள் நால்வர், அவருள் ஒருவன் நானே. என் மனைவியின் தம்பி போன வருடம் சிங்கப்பூர் விமான நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் பேசினார் என்பதால் இது பன்னாட்டு ஆய்வு என்ற தகுதியையும் பெறுகிறது. இதைவிடக் குறைந்த தகுதியோடு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்திச் சால்வையும் சான்றிதழும் வழங்கிய இடங்களுக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்திருக்கிறேன்.

மாற நினைத்தற்குக் காரணங்கள் ஏழு. எண்ணினால் ஆறுதான் வரும். ஆயினும் ஏழு என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

முதலாவது விலை. விளக்கம் வேண்டா.

இரண்டாவது வைரஸ் பயம். ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோய் வந்தவர்க்கு இதற்கும் விளக்கம் வேண்டா.

மூன்றாவது விளம்பரம். விண்டோஸை விட்டு வந்தவர்களைத் தங்கள் கதையைச் சொல்லவைத்து ஆப்பிள் 2002இல் ஒரு வரிசை வெளியிட்டது. 2006 முதல் 2009 வரை, மேக்காக ஒரு மெல்லிய இளைஞரையும் பிசியாகக் கோட்டு போட்ட குண்டு மனிதரையும் நிறுத்திப் பேசவைத்தது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் பிடித்தவர் அந்தக் குண்டு மனிதர்தான்.

நான்காவது காலாவதி. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. 11க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்பு வசதி கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை உட்காரச் சொல்கிறார்கள் என்று இதை எடுத்துச் சொன்னபோது, 58 வயதில் ஓய்வுபெற்ற எதிர்வீட்டுத் தமிழாசிரியர் வெகுநேரம் தலையாட்டினார்.

ஐந்தாவது கொள்கை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறுவதென்று முடிவெடுத்தது. பத்தாண்டு பாடுபட்டுச் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவோம் என்று தீர்மானம் போட்டது. 2020இல் பொறுப்பேற்ற கூட்டணியோ, முடிந்த இடத்திலெல்லாம் திறமூலமே என்று மறுபடி எழுதிக்கொண்டது. ஒரு மாநகரமே இப்படி நடுவாசலில் நிற்கும்போது ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியை மட்டும் குறை சொல்வானேன்? அவரும் வெகுகாலமாக மாறப்போகிறார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பேஜ்மேக்கர் 7.0 பதிப்பு 2001இல் வந்தது. எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தியவை. “திருநிறைச்செல்வி”யில் ஒரு கொம்பு தவறினாலும் பெண் வீட்டார் கடைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே முகூர்த்த மாதங்கள் முடியட்டும் என்கிறார். அவை முடிந்ததும் அடுத்தவை வந்துவிடுகின்றன.

இனி ஆறாவது. ஆய்வுலகம் இன்றளவும் தீண்டாத காரணம் இது: திரையில் திறந்த சாளரத்தை மூடும் குறி எந்த மூலையில் இருக்கிறது என்பது.

1984இல் வந்த மேக்கில் அது இடமூலை. விண்டோஸிலும் 3.1 பதிப்புவரை இடமூலைப் பெட்டியை இருமுறை தட்டித்தான் மூடினார்கள். வலமூலைப் பெருக்கல் குறி, 1995இல் விண்டோஸ் 95ஓடு வந்தது. ஆகவே இடமே தொன்மை, வலம் இடைச்செருகல் என்று நிறுவலாம். தொன்மையானது என்பதால் தமிழருடையது என்று அடுத்த பத்தியில் நிறுவுவதும் எளிது. பக்க வரையறை கருதி விடுகிறேன்.

உபுண்டு செய்தது இன்னும் விசேஷம். 2010இல் வந்த 10.04 பதிப்பில், வலத்தில் இருந்த குறிகளை இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பயன்படுத்துவோர் கொதித்தார்கள். ஏழாண்டு பொறுத்து, எல்லார் கையும் இடத்துக்குப் பழகிய பிறகு, 17.10இல் வலத்துக்கே திருப்பி வைத்தார்கள். உப்பு ஜாடி இருந்த இடத்தில் யாரோ சர்க்கரையை வைத்துவிட்டுப் போனால் குழம்புக்கு என்ன கதியோ அதுவே இதற்கும்.

மேக்கில் குறி வெளிப்படையாகவே இராது. சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பொட்டுகள். சுட்டியை அருகே கொண்டுபோனால்தான் உள்ளே இருப்பது தெரியும். சிவப்பை அமுக்கினால் சாளரம் மறையும். ஆனால் நிரல் பெரும்பாலும் நிற்காது. திரையின் அடியில், அதன் படத்துக்குக் கீழே, சிறு புள்ளி ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

இப்புள்ளி குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. “உடம்பு போயிடுச்சு, உயிர் போகலை” என்பது மைத்துனர் கொள்கை (சாப்பாட்டு மேசை வாய்மொழி, இரண்டாம் தோசைக்குப் பின்). தமிழாசிரியர் இதை ஏற்கார். சாத்துதல் வேறு, முடித்தல் வேறு, கதவைச் சாத்தியிருந்தால் வீட்டுக்காரர் செத்துப்போனார் என்றா பொருள் என்பது அவர் வினா (திண்ணை வாய்மொழி, அந்தி, வெற்றிலைக்கு முன்; வெற்றிலைக்குப் பின் கூறியவை தெளிவாகக் கிடைக்கவில்லை). இதற்கு மைத்துனர் தந்த மறுமொழி (மாடிப்படி, கீழிருந்து நான்காம் படி, மின்தடை நேரம், டார்ச் வெளிச்சத்தில் கூறியது; கொசு அடித்த ஓசையால் இறுதிச் சொல் சிதைவு) இருவேறு பாடங்களாக வழங்குகிறது. “அப்புறம் எதுக்கு அந்தச் சிவப்பு?” என்பது என் பாடம். “அப்புறம் எதுக்கு அந்தச் செலவு?” என்பது என் மனைவியின் பாடம். மேக்கின் விலை அறிந்தோர் பின்னதே மூலபாடம் என்பர். ஒற்றைச் சொல்லின் பாட வேறுபாட்டை வைத்து முனைவர் பட்டம் வாங்கியோர் நம்மிடையே இருப்பதால் இதை இத்துடன் விடுகிறேன், எவருக்கேனும் பயன்படும்.

மேக்கில் கோப்பைத் தேர்ந்து எண்டரைத் தட்டினால் அது திறக்காமல் பேரை மாற்றச் சொல்லும். இதற்கு உரை கிடைக்கவில்லை.

ஏழாவது காரணத்தைத் தேடும் பொருட்டு ஒருநாள் இரவு கள ஆய்வில் இறங்கினேன். லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே தொடங்கினேன். வைஃபை பிடித்தது. பாட்டு பாடியது. பெருக்கல் குறியும் வலத்தில்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் ஒரு மணிநேரம் வால்பேப்பரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மைத்துனர் எட்டிப் பார்த்தார். “என்ன அத்தான், மாறிட்டீங்களா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

காலையில் கணினியைப் போட்டால் பழையபடியே வந்தது. மற்றொரு பென்டிரைவில் இக்கட்டுரையை ஏற்றி, அச்செடுக்கக் கடைக்குக் கிளம்பினேன். அண்ணாச்சி வாங்கிச் செருகிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கட்டுரை எதுவும் இல்லையே சார். ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது.”

பென்டிரைவ் மாறிப்போயிருந்தது.

“பண்ணிடுங்க” என்றேன்.