பச்சை வாசனை போகும்வரை: ஒரு நிறச்சொல் ஆராய்ச்சி

பச்சை ஒரு நிறத்தின் பெயர் என்பது பாடநூல்களின் துணிபு. சமையலறைச் சான்றுகள் இதற்கு இடம்தரவில்லை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சரிசி வெள்ளை, பச்சைக் கற்பூரமும் வெள்ளை. சிவந்த மிளகாய்த்தூளைக்கூடப் ‘பச்சை வாசனை போகும்வரை’ வதக்கச் சொல்லாத சமையல் குறிப்பு தமிழில் அரிது. நீலப் பாக்கெட்டில் வரும் வெள்ளைப் பால் அடுப்பேறும்வரை பச்சைப் பால்; ஒரே பொருளில் மூன்று நிறங்கள் இவ்வளவு அமைதியாகக் குடித்தனம் நடத்துவது வேறெங்கும் காணப்படவில்லை.

ஆகவே, ‘நெருப்பு இன்னும் தொடாதது’ என்பதே இச்சொல்லின் மூலப்பொருள் எனக் கொள்ளலாம். அண்டை மொழிகளும் இதற்குத் துணைநிற்கின்றன. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து, வேகாதது ‘ஹசி’ என்றும் நிறம் ‘ஹசிரு’ என்றும் பாகம் பிரிந்துவிட்டன. தெலுங்கில் ‘பச்ச’ மஞ்சளுக்கும் பெயராகிப்போனதால், இலை நிறத்தைச் சொல்ல ‘ஆகுபச்ச’ என்று இலையையே முன்னால் ஒட்ட நேர்ந்தது. தமிழிலும் பசும்பொன் மஞ்சளாகத்தான் மின்னுகிறது. பசும்பாலை இந்த வரிசையில் சேர்க்கும் ஆர்வலர்கள் உண்டு. அது மாட்டின் பால் என்பதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு ஆகியவை இளமையும் ஆறாத நிலையும் பற்றியவை. பச்சைப் பொய்தான் ஆய்வாளரைத் திணறவைப்பது. சமைக்காமலே பரிமாறப்படும் பொய் எனக் கொண்டால் சிக்கல் தீர்கிறது. மசாலா சேர்த்த பொய் இவ்வகையில் அடங்காது.

பிற்காலத்தில் இச்சொல்லுக்கு உத்தியோகம் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ரயில்வேயில் பச்சை விளக்குக்கு ‘எச்சரிக்கை’ என்றே பொருள். ‘போகலாம்’ என்றது வெள்ளை விளக்கு. சாதாரண விளக்குகளோடு குழம்பியதால் வெள்ளை விலக்கப்பட, பச்சை பதவி உயர்ந்தது. இன்று கூட்டணிக்கும் கட்சித் தலைமை பச்சைக்கொடி காட்டவேண்டியிருக்கிறது. அதிகாரியின் பச்சை மை பட்டால் நகல் மெய்யாகிவிடும். பொய்யோ ‘பச்சை’ சேர்ந்தால் இன்னும் பொய்யாகிறது.

இந்திய உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குரிய பச்சைப் புள்ளி வந்தபின் சொல்லும் நிறமும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. ஆட்டிறைச்சி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதற்குப் பச்சைப் புள்ளி கிடைக்காது. கொதிக்கும் எண்ணெயில் பொரிந்து சிவந்த உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கிடைக்கும்.