மார்பிள் மேசையும் சன்மைக்கா ஆசையும்

பரம்பரை ஓட்டல்களுக்குக் கண்டம் வருவது வியாபாரம் நொடித்த காலத்தில் அல்ல, நன்றாக நடக்கும் காலத்தில்தான். கல்லாவில் நாலு காசு சேர்ந்ததும் மூன்றாம் தலைமுறைக்கு ‘உள்ளே கொஞ்சம் மாத்தலாமே’ என்று தோன்றிவிடுகிறது. மார்பிள் பலகை வைத்த மேசை பின்கட்டுக்குப் போகும், சன்மைக்கா வரும், உயர்ந்த கூரையை மறைத்து ஃபால்ஸ் சீலிங் இறங்கும். அதே வேளையில் ஊரின் மறுகோடியில் புதிதாகத் திறக்கும் ஓட்டல், சுவரில் மாட்டு வண்டிச் சக்கரத்தை மாட்டி, பின்கட்டிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போன அதே மார்பிள் மேசையை வாங்கிப் போட்டு, ‘பாரம்பரியம்’ என்று பெயர் வைத்து, இட்லிக்கு மூன்று மடங்கு விலை சொல்லும். பழையது புதிதாகத் தெரியச் செலவழிக்கிறது, புதியது பழையதாகத் தெரியச் செலவழிக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே ஆசாரி செய்தாலும் வியப்பதற்கில்லை.

‘ருசிதான் முக்கியம், மேசையையா சாப்பிடப் போகிறோம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிடப் போவதில்லைதான், ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்பதை மேசைதான் முடிவு செய்கிறது. நாலு பேர் மேசையில் தனியாக உட்கார்ந்தவர் எதிரே முன்பின் தெரியாத மூவரை உட்கார வைப்பது பழைய ஓட்டலின் வழக்கம். தமிழ்நாட்டில் ஜாதகம் பார்க்காமல் நடக்கும் மிகப் பெரிய சேர்க்கை அதுதான். கைப்பிடியில்லாத மர நாற்காலி சாய்ந்து சொகுசு காண இடம் தராது. வெளியே காத்திருப்பவருக்கு அது செய்யும் உபகாரம். சுடச்சுட டம்ளரை வைத்தாலும் மார்பிள் முகம் சுளிக்காது. விளிம்பு வைத்த டம்ளரைத் தொட முடியாத சூட்டில் தருவதால் டவராவில் ஊற்றி ஆற்ற வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் எதிரே இருப்பவரின் ஊர், உத்தியோகம், மாப்பிள்ளையின் சம்பளம் வரை தெரிந்துவிடுகிறது. காகிதக் கப்பில் எதை ஆற்றுவது? இருப்பதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, ‘வேறென்ன இருக்கு?’ என்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் சர்வரின் குரலையும் நான் உள்ளலங்காரக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

அறையும் பண்டமும் வேறு வேறல்ல என்பதை நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டது வரித்துறை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத ஓட்டலில் 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலில் 18 சதவீதம். தட்டில் இருந்தது அதே தோசை. நவம்பரில் பொதுவாக இரண்டுக்கும் 5 சதவீதம் ஆக்கினார்கள். நாலு மாதமே நீடித்தாலும், சுவருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம் என்பது அரசிதழில் ஏறிய உண்மை.

இன்னொரு ஆட்சேபம் இவ்வளவு லேசானதல்ல. பழசையெல்லாம் காப்பாற்றுவதென்றால், பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய தடுப்பையும் காப்பாற்றுவதா? 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் நடத்தியது. அந்தச் சொல் போனதால் இட்லி கல்லாகிவிடவில்லை. எதைக் கழற்றலாம், எதை விடலாம் என்பதற்கு இதிலிருந்தே அளவுகோல் கிடைக்கிறது: ஆட்களைப் பிரித்து வைத்தது போகட்டும், சேர்த்து உட்கார வைத்தது இருக்கட்டும். வேடிக்கை என்னவென்றால், இன்றைய புதுப்பிப்பு நேர்மாறாகச் செய்கிறது. பொது மேசையை எடுத்துவிட்டு ‘ஃபேமிலி ரூம்’ என்று தடுப்பு வைக்கிறது.

முதலாளியின் கஷ்டம் நியாயமானது. மகன் வெளிநாட்டில், வாடகை வானத்தில். இதில் மார்பிளைப் பாதுகாக்க உபதேசம் செய்வது காப்பி குடிக்கும் நமக்குச் சுலபம். ஆகவே உபதேசத்தோடு நிறுத்தாமல் சட்டமும் கைகொடுக்க வேண்டும். லண்டனின் கிழக்குப் பகுதியில், 1900 முதல் ஒரே இத்தாலியக் குடும்பம் நடத்திவரும் பெல்லிச்சி என்ற சின்னக் கடை இருக்கிறது. 1946-இல் ஒரு தச்சர் இழைத்த மரப்பலகை வேலைப்பாடுதான் அதன் உள்சுவர். 2005-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே கிடைப்பது முட்டையும் பொரித்த இறைச்சியும் தேநீரும்தான், அரண்மனை விருந்தல்ல. நம் கதை வேறு. சென்னையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காருக்கே தட்டைக் கொண்டுவந்து, காரையே சாப்பாட்டு அறையாக்கியது. 2008-இல் அது மூடப்பட்டது; 2010-இல் அந்த அரசு நிலத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா நல்லதுதான், மரங்களுக்கு நிழல் கொடுக்கத் தெரியும். போண்டா கொடுக்கத்தான் தெரியாது. பட்டியலில் சேர்ப்பதாலேயே அடுப்பு எரியும் என்று சொல்லவில்லை. பெல்லிச்சியிலும் சமைக்க ஆள் இல்லையென்றால் பலகை மட்டும்தான் மிஞ்சும். ஆனால் நடத்த ஆள் இருக்கும் கடையில், இடிக்கும் முன் ஒரு முறை யோசிக்க வைக்கவாவது அது உதவும். குத்தகைக்கும் வாடகைக்கும் ஏதாவது சலுகை சேர்ந்தால் மகனுக்கும் யோசனை வரலாம்.

சுத்தத்தை முன்னிட்டு எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் சமையலறைக் கரியையும், கழிப்பறைக் கதவையும் மாற்றட்டும். யாரும் மறியல் செய்யப் போவதில்லை. கூடவே, கை கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கும் அந்தக் கண்ணாடியையும் மாற்றிவிடலாம். நல்ல பழைய ஓட்டலில் ரசம் போன ஒரே இடம் அதுதான்.