நெய்யாற்றின்கரை வட்டார ஒளிப்படக் குறுக்கவியல்: கசவுக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாகக் குறுகுவதை அளந்து எழுதிவைத்த மரபு, 6000 பிக்சல் அகலமுள்ள கல்யாணப் படம் இணைய ஆல்பத்துக்காக 1500 பிக்சலாகக் குறுகுவதற்கு ஒரு சூத்திரமும் செய்யாமல் விட்டது பெருங்குறையாம். அதைப் போக்கப் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லைக் கிராமங்களைக் களமாகக் கொள்கிறது இக்கட்டுரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. குறுக்கும்போது ஓரத்தில் இருப்பவர் கதி என்ன என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கு எடுக்கப்படும் படங்கள் மலைப்படம், கோயிற்படம், கல்யாணப்படம் என மூவகைப்படும்.

அகத்தியமலை எவ்வளவு குறுகினாலும் மலையே.

செங்கல் மகேஸ்வரம் கோயிலின் 111.2 அடிச் சிவலிங்கம் அலைபேசியில் கட்டைவிரல் அளவாகிறது. பக்தர் யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

கல்யாணப்படத்தில்தான் வில்லங்கம். காரணம் பாலராமபுரம் கைத்தறி. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் தொடங்கிவைத்த நெசவு அது. 2009இல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தத் தறியில் நெய்யும் நேரியது என்னும் மேலாடையின் கசவுக் கரையில் ஜரிகை இழைகள் நெருங்கி நெருங்கி ஓடும். ஓர் இழையும் அதன் இடைவெளியும் தனித்தனியே தெரியக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். பொறியாளர் நைக்விஸ்ட் 1928இல் கோடிட்டுக் காட்டியதும் கணிதர் ஷானன் 1949இல் நிறுவியதும் சாரத்தில் இதுவே. இருவரும் நேரியது உடுத்தியதற்குச் சான்றில்லை. படம் அகலத்திலும் உயரத்திலும் நாலில் ஒன்றாகச் சுருங்கும்போது பழைய பிக்சல் பதினாறுக்குப் புதியது ஒன்றுதான். அந்தப் பதினாறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசினால், நெய்தவர் நெய்யாத அலைகள் கரையில் எழும்பும். “சேலை நனைஞ்சிருக்கா?” என்ற வினா அப்போதுதான் பிறக்கிறது (காண்க: மணமகளின் மாமி, வாய்மொழி, பந்திக்குப் பின்). இவ்வினா போளிக்கு முன்பே எழுந்தது என்பாரும் உளர் (ஒப்புநோக்குக: மணமகனின் சித்தப்பா, அதே பந்தி, கிழக்கு வரிசை, நான்காம் இலை, பாடபேதம்: ஐந்தாம் இலை, பால் பாயசம் சிந்தியதால் எண் சிதைந்தது). போளிக்கு முன், பின் என இரு பிரிவாக அறிஞர் மோதிக்கொண்டிருக்க, பதினாறையும் கலந்து சராசரி காணும் பைக்யூபிக், லான்சோஸ் முறைகளுள் ஒன்றைத் தேர்ந்து ஸ்டூடியோப் பையன் வேலையை முடித்துவிடுகிறான்.

சராசரி கண்டால் படம் சற்றே மழுங்கும். எனவே கூர்மையேற்றம். முதலில் கூர்மையேற்றிப் பின் குறுக்குவோர் ஒரு சாரார். ஏற்றிய கூர்மை குறுக்கலில் கரைந்துபோகும் என்பதால் அவர் உழைப்பு வீண். முதலில் குறுக்கிக் கடைசியில் இலேசாக ஏற்றுவதே முறை. அதற்கான ‘அன்ஷார்ப் மாஸ்க்’ ஃபிலிம் காலத்து இருட்டறையிலிருந்து வந்தது: படத்தின் மங்கலான நகலொன்றைச் செய்து, மூலத்துக்கும் அதற்குமுள்ள வேறுபாட்டை மூலத்தில் கூட்டுவது. அளவு மிஞ்சினால் மணமகன் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். அது தேஜஸ் அன்று என்க.

மழுங்கலால் யாதொரு கேடும் அடையாத துறையும் ஒன்று உண்டு. தபால்தலை அளவில் கரும்புகை மண்டலமாகக் கல்வெட்டுப் படத்தை அச்சிட்டு, கீழே “எழுத்தமைதி தெளிவாகக் காணப்படுகிறது” என்று எழுதும் ஆய்விதழ்களைச் சொல்கிறோம். அங்கே கூர்மையேற்றினால்தான் ஆபத்து: முடிவுரையை மாற்ற வேண்டிவரலாம்.

இத்தனை பக்குவமாகச் செய்த கல்யாணப் படமும் ஆல்பத்திலிருந்து குடும்பக் குழுவுக்குப் போகும் வழியில் வாட்ஸாப்பால் மறுபடி அமுக்கப்படுகிறது. 2023இல் ‘எச்டி’ பொத்தான் வந்தது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் பிக்சல் குறையாமலும் போகும். மாமியோ இரண்டையும் விட்டு, திரையில் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் களியக்காவிளைக்கு அனுப்புகிறார். அங்கிருந்து அதற்கொரு ஸ்கிரீன்ஷாட் திரும்பி வருகிறது. அந்த இரண்டாம் தலைமுறைப் பிரதியில் இருப்பது மணமகளா, நிலைவிளக்கா என்பது முனைவர் பட்டத்துக்குரிய தனித் தலைப்பு. நெறியாளர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார், படத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை.