பதினாறு வீடும் ஒரு குப்பைத்தொட்டியும்

மதுரை ஆரப்பாளையத்தில் குடியிருப்பவனுக்குச் சுகமும் துக்கமும் ஒன்றேதான், பஸ் ஸ்டாண்டு. தேனி, போடி, திண்டுக்கல், கோவை என்று மேற்கேயும் வடக்கேயுமிருந்து வருகிற பஸ்கள் இங்கே வந்து நிற்கும். இறங்கிய உறவினர் பையைத் தோளில் மாட்டினால் பத்தாவது நிமிஷம் என் வீட்டு வாசல். தண்ணீர் கேட்பதற்கு முன் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள்.

பொங்கலுக்கு வந்த மகன், ஒரு பழைய கம்ப்யூட்டரில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வாலைப் போட்டுக் கொடுத்தான். "அப்பா, எல்லாம் நல்லா ஓடுது. எதையும் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கோவைக்குப் பஸ் ஏறினான். அவன் பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் தொடவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் டிஹெச்சிபி லீஸ் என்று ஒரு பட்டியல். லீஸ் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. மாடி போர்ஷனை இருபது வருஷமாக ஒத்திக்கு விடுகிறவன் நான். படித்துப் பார்த்ததில், இந்த டிஹெச்சிபி நம்ம ஊர் வீட்டுத் தரகர்தான். வீட்டுக்குள் வரும் போன், "வீடு ஏதும் காலியா இருக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும். "192.168.1.104 இருக்கு" என்பார் தரகர். "அதையே முடிச்சிருங்க." "முடிச்சாச்சு." நாலே பேச்சு. ரால்ஃப் ட்ரோம்ஸ் என்பவர் 1997-இல் எழுதிய ஆர்எஃப்சி 2131 என்ற விதிப்புத்தகத்தில் இந்த முறை இருக்கிறது. தவணை பாதி கழிந்ததுமே குடித்தனக்காரர் தானாக வந்து, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேனே" என்று கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. என் மாடியில் குடியிருந்த எவரும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

முகவரிகள் 100 முதல் 199 வரை, தவணை 7200 விநாடி என்று இருந்தது. இரண்டு மணி நேர ஒத்தியா? லாட்ஜில்கூட இருபத்து நாலு மணி நேரம் கொடுக்கிறான். பெரிய மனசு பண்ணி 25,92,000 விநாடி, அதாவது முப்பது நாள் என்று மாற்றினேன். நூறு வீடு எதற்கு, யார் பராமரிப்பது என்று 115-ஓடு வேலி போட்டேன். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்றுதானே பெரியவர்களும் வாழ்த்துகிறார்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போடியிலிருந்து மைத்துனன் குடும்பம் வந்தது, நாலு பேர், நாலு போன். "மாமா, ஐபி முகவரி பெறப்படுகிறதுன்னே ரொம்ப நேரமா சுத்துது" என்றாள் மைத்துனன் மகள். பட்டியலைத் திறந்தேன். பதினாறும் நிறைந்திருந்தன. டிவி, பிரிண்டர், கேமரா, ஸ்மார்ட் பிளக் என்று நாலு. எங்கள் இரண்டு போனுக்கும் நாலு. இரண்டு போனுக்கு எப்படி நாலு? வைஃபைக்கு இரண்டு பெயர் வைத்தவன் நான். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் மேக் என்ற அடையாள எண்ணைப் போலியாகச் சொல்லிக்கொண்டு நுழைகின்றன. அந்த எண்ணின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் போலி என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே ஆளுக்கு இரண்டு வாக்காளர் அட்டை. மீதி எட்டும் பங்குனியில் மகள் வளைகாப்புக்கு வந்துபோன நாலு பேருடையவை. ஆள் போய் இருபது நாளாகியும் ஒத்தி முடியவில்லை.

ஆஃப்லைனில் இருந்த வரிகளின் ஓரத்தில் மட்டும் சின்னக் குப்பைத்தொட்டிப் படம். அமுக்கினேன். எட்டும் போயின. பெயரே இல்லாமல் ஒன்பதாவதும் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் திருடுகிறார் என்று கண்டுபிடித்து, அதையும் அமுக்கினேன். போடிக்காரர்களுக்கு வைஃபை வந்தது. மைத்துனன், "மச்சானுக்குத் தெரியாத விஷயமே இல்லக்கா" என்றான். ஏழரை மணி வரைக்கும் அந்தப் பெயர் நின்றது.

ஏழரைக்கு என் மனைவி சீரியல் போட்டாள். டிவியில் சக்கரம் மட்டும் சுற்றியது. ஒன்பதாவது ஆள் அரைத்தூக்கத்தில் இருந்த எங்கள் டிவி. ஒத்திப் பத்திரத்தைக் கிழித்தால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா? டிவிக்கு நான் கிழித்ததே தெரியாது. பழைய முகவரியிலேயே கண் விழித்தது. அதற்குள் அந்த வீட்டில் மைத்துனன் மகளின் போனைக் குடிவைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று தள்ளுமுள்ளு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் விதிப்புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். "ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று வந்த மனைவி சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் போட்டாள். டிவி புதிதாக எழுந்து, புதிதாக வீடு கேட்டு வாங்கிக்கொண்டது. சீரியலில் பாட்டு மட்டும்தான் போயிருந்தது.

மறுநாள் தவணையைப் பழைய 7200-க்கே கொண்டுவந்து, வேலியையும் 199-க்கே தள்ளிவைத்தேன். முப்பது நாள் ஒத்தி கையில் இருந்த போடிக்காரர்களின் போன்களை இரண்டு வைஃபையிலும் மறுபடி நுழையவைத்து, புதுத் தவணைக்கு மாற்றினேன். டிவிக்கு மட்டும் 192.168.1.20 என்று வேலிக்கு வெளியே நிரந்தரமாக எழுதிக் கொடுத்தாயிற்று. பெயர்க் கட்டத்தில் என் மனைவி பெயர் இருக்கிறது. போடிக்காரர்களை அன்று மாலை பஸ் ஏற்றிவிட்டு வந்து பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டேன். பஸ் ஆண்டிபட்டி தாண்டுகிற நேரத்துக்கு அவர்களுடைய எட்டு முகவரியும் காலியாகிவிட்டன. நான் எதையும் அமுக்கவில்லை.