எட்டணாவுக்குக் கொள்ளி வைக்கிறது யாரு?

வாடா பேராண்டி, குந்து. திருப்பத்தூர் காலேஜுல பேச்சுப் போட்டியாமே? சின்னக் காசு அடிக்கிறதை நிறுத்தலாமா வேணாமான்னு தலைப்பாம். நீ நிறுத்தணும்னு பேசப் போறியாம். பேசு, பேசு. கைதட்டுறவன் எவன் பையிலயும் எட்டணா இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லாத புரட்சி.

ஆனா மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுல ஒரு நடை நட. எந்தக் கடையிலயாவது எட்டணாவை நீட்டிப் பாரு. கடைக்காரன் காசைப் பார்க்க மாட்டான். எந்தப் பொடவுலேர்ந்து எறங்கி வந்தவன்டா இவன்னு உன் மூஞ்சியைப் பார்ப்பான். சர்க்காரு கணக்குல அது உயிரோட கீது. 2011 ஜூன் 30-ஓட நாலணாவும் அதுக்குக் கீழ உள்ளதும் செல்லாதுன்னாங்க. எட்டணாவை மட்டும் விட்டு வச்சாங்க. அதே வருசத்து நாணயச் சட்டம், பத்து ரூபா வரைக்கும் எட்டணாவாவே எண்ணிக் குடுக்கலாம், செல்லும்னு சொல்லுது. இருபது காசு! எண்ணிக் குடுத்துட்டு, அடி வாங்காம வந்தியானா எனக்கும் சொல்லு. டில்லி உயிர் இருக்குன்னு சொல்லுது, நாடி புடிச்சுப் பார்த்த கடைக்காரன் எப்பவோ சாவு சொல்லிட்டான். நீ மேடையில நின்னு யாரை நிறுத்தச் சொல்லப் போற?

காசு சாவறதை நான் நெறையப் பார்த்தவன். என் சின்ன வயசுல ரூபாய்க்குப் பதினாறு அணா, 192 தம்பிடி. 1957-ல நயா பைசா வந்துச்சு, ரூபாய்க்கு நூறு. அப்ப ஓரணாவுக்கு எத்தனை பைசா? ஆறே கால். ஆறு பைசா இருந்துச்சு, கால் பைசா எங்க இருந்துச்சு? அதை யாரு முழுங்கினான்னு இன்னிக்கு வரைக்கும் விசாரணைக் கமிஷன் வைக்கல. நாளும் நல்லா பார்த்துத்தான் குறிச்சாங்க, ஏப்ரல் ஒண்ணு.

அப்புறம் அலுமினியத்துல வந்துச்சு. அஞ்சு பைசா சதுரம், மூணு பைசாவுக்கு ஆறு மூலை. ஊதினா பறக்கும். நடுவுல 1968-லேர்ந்து கொஞ்ச வருசம் தாமரைப் பூப் போட்ட பித்தளை இருபது பைசா. உன் பாட்டி அதைத் தங்கம்னே நெனச்சு, மஞ்சத் துணியில முடிஞ்சு சாமிப் படத்துக்குப் பின்னாடி வச்சா. கடையில செல்லாதுடின்னா, நான் கடைக்கா வச்சேன்னு கேக்கிறா.

ஒரு ரூபா அடிக்க ஒரு ரூபா பதினோரு காசு ஆவுதுன்னு கையில எழுதி வச்சிருக்கிற. தெரியும், 2018-ல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கின கணக்கு. அதைச் சொன்னதும் கூட்டம் வாயைப் பொளக்கும். ஆனா ஒண்ணு கேக்கிறேன், சாமையை அளக்கிற படியை அடிக்க ஆசாரி வாங்கின கூலியையும், அதுல ஒரு தடவை அளந்த சாமையோட விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எவனாவது கணக்குப் பார்ப்பானா? படி பத்து வருசம் அளக்குது. காசும் அப்படித்தான், கை மாறிக்கினே கீது. உண்டியலுக்குள்ள படுத்துக்கினு வெளிய வராத காசுதான் தண்டம். எட்டணா இப்ப படுத்துக்கினு கீது, அதை நான் ஒத்துக்கிறேன். ரூபா இன்னும் நடக்குது. கல்கத்தாப் பக்கம் ரூபாக் காசை மூட்டை கட்டி வங்காளதேசத்துக்குக் கடத்தி, ஒரு காசுக்கு அஞ்சாறு சவர பிளேடு செஞ்சாங்கன்னு 2007-ல சேதி வந்துச்சு. ரூபாய்க்கு மதிப்பில்லன்னு சொல்ற நீ, அவங்களைக் கேட்டிருக்கணும்.

சரி, நிறுத்தினவன் கதைக்கு வருவோம், நீதான் செல்லுல காட்டின. அமெரிக்காவுல ஒரு சென்ட் அடிக்க 3.69 சென்ட் ஆச்சாம். 2025 நவம்பர் 12-ல பிலடெல்பியாவுல கடைசியா அடிச்சு மூட்டை கட்டிட்டாங்க. கடையில மீதியை எப்படிக் குடுக்கிறதுன்னு மட்டும் முன்கூட்டி ஒரு சட்டம் போடல. கனடாக்காரன் வெவரம். 2012 மே மாசம் கடைசி சென்ட்டை அடிச்சான். அடுத்த வருசம் பிப்ரவரியில பேங்குக்கு அனுப்புறதை நிறுத்தறதுக்கு முன்னாடியே வழி சொல்லிட்டான். ரொக்கத்துக்கு மட்டும்தான். சாமான் சாமானா இல்ல, மொத்தக் கூட்டலுக்குத்தான். கடைசியில ஒண்ணு ரெண்டு நின்னா கீழ எறக்கு, மூணு நாலு நின்னா அஞ்சுக்கு ஏத்து. கார்டு போட்டா உள்ளது உள்ளபடி.

உன் பேச்சுல நிக்க வேண்டிய எடம் இதாண்டா. காசு போனா போவட்டும். மீதியை மேல தள்றதா கீழ தள்றதான்னு யாரு சொல்றது? நம்ம மலையில அது யாரு கையில கீதுன்னு உனக்குத் தெரியாதா? புளி எடுக்க வர்ற யாவாரியை நெனச்சுப் பாரு. தராசுல நாலு கிலோ அறநூறு. அவன் வாயில 'நாலரை'. கெழவி ஏண்டான்னு கேட்டா, 'அட சில்லறைக் கணக்கு ஆத்தா, விடு'ங்கிறான். அதே ஆளு நமக்கு உப்பு, எண்ணெய் விக்கும்போது ஒம்பது ரூபா எழுபது காசு பத்து ரூபா ஆயிடுது. அப்பவும் சில்லறைக் கணக்குதான். வாங்கும்போது கீழ, விக்கும்போது மேல. கனடாக்காரன் சொன்ன வழியை இவன் பாதி மட்டும் படிச்சிருக்கான்.

காசு செல்லுமா செல்லாதான்னு ரிசர்வ் பேங்க் சொன்னாலும் எடுபடாதுங்கிறதுக்குப் பத்து ரூபாக் காசே சாட்சி. பதினாலு தினுசும் செல்லும்னு 2018 ஜனவரியில சொன்னாங்க. நம்ம பக்கத்துல கேட்டாங்களா? 2022-ல அரூர் பக்கத்து ஆளு ஒருத்தர், எவனும் வாங்காத பத்து ரூபாக் காசாவே ஆறு லட்சத்துக்குச் சேர்த்து எடுத்துட்டுப் போயி, சேலத்துல காரே வாங்கிட்டாரு. வம்புன்னா இப்படிப் பண்ணணும், பேச்சுப் போட்டி இல்ல.

செல்லுல அனுப்பினா பைசா சுத்தமா போவும்தானேன்னு கேப்ப. போவும், டவர் கெடைச்சா. நம்ம மலையிலயே காவலூர்ல 2.34 மீட்டர் கண்ணாடி போட்டு நட்சத்திரத்தைத் தேடுறாங்க. அதை ஒரு ராத்திரி எரவல் வாங்கினா நம்ம சிக்னலும் ஆப்புடும்.

அதனால நிறுத்தணும்னே பேசு, நான் குறுக்க நிக்கல. ஆனா அந்தியோதயா கார்டை மறக்காத. அதுக்கு ரேஷன் சர்க்கரை கிலோ 13 ரூபா 50 காசு. 2017 நவம்பர்ல மத்த கார்டுக்கு 25 ஆக்கினப்பவும் இதைத் தொடல. எவனும் வாங்காத காசுல சர்க்காரே விலை எழுதி வச்சிருக்கு. உன் பாட்டி பதினாலு குடுக்கிறா. மீதி எட்டணா வூடு வந்து சேர்ந்ததை நான் பார்த்ததே இல்ல. அந்த விலையைப் பதிமூணா ஆக்கிட்டு எட்டணாவை ஒழிங்கன்னு சொல்லு. பதினாலா ஆக்கிட்டாங்கன்னு சேதி வந்துச்சுன்னா, காலேஜுல குடுக்கிற கோப்பையில உன் பாட்டி கோழிக்குத் தண்ணி வச்சுடுவா.